பல் விழுந்த பிரெஞ்சு

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நானும் என் வீட்டுக்காரரும் எங்கும் போகமாட்டோம். கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் காலையிலேயே தலையைக் காட்டிவிட்டு ஆரணிக்குத் திரும்பிவிடுவோம். பிரான்சிலிருந்து போன் வரும். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. எங்களுக்குப் பாவும் பட்டும் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளியின் வீடு எதிர்வரிசையில் இருந்தது. அவர் வீட்டுக் கூடத்துப் போன் அடித்தால் அந்த வீட்டம்மா ஜன்னலிலிருந்து கையைத் தட்டிக் கூப்பிடுவார். நான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடுவேன்.

பேசுவது என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு அண்ணி. அவரைப் பாண்டிச்சேரியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. அவர் அங்கே வேலையில் இருந்துகொண்டு லீவில் வந்து போவார். அண்ணிக்கு விசா பேப்பர் வருவதற்குள் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. பேப்பர் வந்ததும், பத்து மாதக் குழந்தையை எங்களிடம் கொடுத்துவிட்டு அண்ணி கிளம்பினார்.

"அங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனாத்தான் ஆவுமாம். பாத்துக்க ஆளு இல்ல. ஆறு மாசம் வச்சிக்க, வந்து இட்டுகினு போயிடறேன்" என்றார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். ஆறு மாதம் என்றது கிட்டத்தட்ட நான்கு வருஷம் ஆனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகும் பிறக்கவில்லை.

அவள் எங்கள் தறிக்குழியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். நான் ராட்டையில் நூல் சுற்றும்போது அந்தச் சத்தத்தில்தான் தூங்குவாள். ராட்டையை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். அரிசி மில்லுக்குப் போகும் லாரியைக் காட்டினால்தான் சோற்றுக்கு வாய் திறப்பாள். என்னை 'அத்த' என்று கூப்பிடுவாள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவே இல்லை. யாரைப் பார்த்தாலும் "எங்க போய்கினு கீற?" என்று நடுத்தெருவில் நின்று கேட்பாள். பெரியவர்களைக்கூட அப்படித்தான். தெருவே அவளிடம் பதில் சொல்லிவிட்டுத்தான் நகரும்.

அவளுக்கு ஐந்து வயது நெருங்கும்போது அண்ணி வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்த நாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சில மாதம் போனில் மழை மாதிரி பேசினாள். அங்கே லாரியே இல்லை, பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதில்லை, மாமா எங்கே, தறியில் என்ன கலர் ஓடுகிறது என்று கேட்பாள். அந்த வருஷம் முடிவதற்குள் நடுவில் புரியாத சொற்கள் வந்தன. நான் "என்னாம்மா?" என்றால் மறுபடியும் அதே சொல்லைத்தான் சொல்வாள், இன்னும் சத்தமாக. அதற்கடுத்த வருஷம் நான் கேட்பது அவளுக்குப் புரிந்தது, பதில் மட்டும் ஆமாமுக்கு 'உய்', இல்லைக்கு 'நோங்' என்று வந்தது. பிறகு கேட்பதும் புரியவில்லை. அண்ணி நடுவில் நின்று, "நீ சாப்பிட்டியான்னு கேக்குது உங்க அத்த" என்பதை பிரெஞ்சில் சொல்வார். அவள் சொல்வதைத் தமிழில் எனக்குச் சொல்வார். நீளமாக ஏதோ சொல்லியிருப்பாள். அண்ணி, "சாப்ட்டாளாம்" என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போனை எடுத்தாள். அண்ணி யாரோ கதவைத் தட்டியதால் வாசலுக்குப் போயிருந்தாராம். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். விட்டுவிட்டு விம்மி, மூக்கை உறிஞ்சி, மறுபடி பெரிதாக எடுப்பாள். அந்த அழுகை எனக்குத் தெரியும். ஒரு வயதிலிருந்து கேட்டது. ஆனால் நடுநடுவே அவள் சொன்னது எதுவும் தெரியவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் "அழாதம்மா, அழாதம்மா" என்று தமிழில் சொல்லிக்கொண்டே நின்றேன். நான் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை கூடியது. முதலாளி வீட்டம்மா பக்கத்தில் வந்து, "என்னாச்சி?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்?

அண்ணி வந்து வாங்கிப் பேசினார். "ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல ஏதோ சண்ட போல" என்றார். போல என்றால்? சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருந்த மாதிரி தோன்றவில்லை. நான் யார்? மாமன் பெண்டாட்டி.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்த பாஷய கத்துக்கப் போறேன்."

அவர் தறியை நிறுத்தவில்லை. "எங்க? ஆரணியில எவன் சொல்லித் தருவான்?"

அவர் சொன்னது சரிதான். ஆரணியில் இங்கிலீஷ் பேசச் சொல்லித்தரும் இடம் இரண்டு மூன்று இருந்தது. இந்தி டியூஷன் இருந்தது. பிரெஞ்சுக்கு யாரும் இல்லை. நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த மாதமே அண்ணியின் மாமனார் இறந்துபோய் கருமாதிக்குப் பாண்டிச்சேரி போனோம்; பிரான்சிலிருந்து மாப்பிள்ளை மட்டும் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் விற்பவரிடம் கேட்டேன். அட்டை இல்லாத, கரையான் ஓரம் அரித்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் தமிழ். பின்பாதி கிழிந்து போயிருந்தது. "முன்பாதி படிச்சி முடிக்கறவங்களே கெடையாதும்மா, தைரியமா வாங்கினு போங்க" என்றார் கடைக்காரர்.

திண்டிவனம், வந்தவாசி வழியாக வந்த பஸ்ஸில் அதைத் திறந்தேன். இங்கிலீஷ் மாதிரி கூட்டிக்கூட்டிப் படித்தேன். அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு சொல் இருந்தது. 'மாங்கெண்ட்' என்று படித்தேன். என் வீட்டுக்காரர், "மாங்கா வாங்கினியா?" என்று கேட்டார். இரண்டு மாதம் அதை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நூல் சுற்றும்போது கை தானாகப் போகும், வாய் சும்மாதானே இருக்கிறது. தெருவில் நாலு வீட்டில் பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. கூச்சமில்லாமல் கத்தினேன். எல்லாமே தப்பு.

தப்பு என்று தெரிந்தது போனில்தான். தைரியமாக ஒரு வாக்கியம் சொன்னேன். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அண்ணி வந்து, "என்னா சொன்ன? அவளுக்குப் புரியலியாம்" என்றார்.

"பிரெஞ்சுல தான் பேசினேன் அண்ணி."

அண்ணி சிரித்துவிட்டார். அங்கே எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, பாதி எழுத்தை வாயில் போட்டு முழுங்கிவிடுவார்கள் என்றார். "உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? நான்தான் சொல்றனே" என்றார்.

நான் ஒன்று கேட்டேன். அவள் பேசுவதை ஒரு கேசட்டில் பிடித்து அனுப்ப முடியுமா? எதையாவது படிக்கட்டும், பேசட்டும்.

பாண்டிச்சேரிக்கு வந்த யாரோ ஒருவர் மூலம் இரண்டு மூன்று மாதம் கழித்து அந்தக் கேசட் வந்தது. டேப்ரெக்கார்டர் எங்களிடம் இருந்தது. போட்டதும் முதலில் அண்ணியின் குரல், தமிழில்: "ம், பேசறா. கேட்டுக்க." பிறகு அவள். பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்தாள். ஜன்னல் வழியாக என்னென்ன தெரிகிறது என்று சொன்னாள். தான் என்ன உடுத்தியிருக்கிறேன், என்ன சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாள். நடுவில் சலித்துப்போய் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். முடிந்ததா என்று கேட்கிறாள் என்று பிறகு கண்டுபிடித்தேன். அதுதான் நானாகக் காதில் கேட்டுப் புரிந்துகொண்ட முதல் வாக்கியம்.

அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டேன். புத்தகத்தில் 'மாங்கெண்ட்' என்று நான் படித்ததை அவள் 'மாஞ்' என்றாள். பின்னால் இருக்கும் எழுத்தெல்லாம் வெறும் பார்வைக்குத்தான். அவள் எங்கே மூச்சு விடுகிறாளோ அங்கே நானும் விட்டேன். என் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்து, "கேசட்டு ஓடுதா, நீ பேசறியா?" என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருஷம் எங்கள் வீட்டுக்கே போன் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்ததும், "கெஷ் கெ தூ மாஞ்?" என்றேன். என்ன சாப்பிடுகிறாய்?

அந்தப் பக்கம் சிரிப்பு. "தாத்தா!" என்று கத்தினாள். அங்கே அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பக்கத்திலிருந்து கேட்ட என் வீட்டுக்காரருக்கு ஒரே வருத்தம். "உன்ன போயி தாத்தாங்குதே" என்றார். அவள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவதாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. நடுவில் யாரும் இல்லாமல் புரிந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பேசினோம். என்ன செய்கிறாய், என்ன தெரிகிறது, குளிருகிறதா, யார் வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது நடப்பதைப் பற்றிப் பேச மட்டும்தான். நேற்று நடந்ததைச் சொல்லும் பாடம் கிழிந்துபோன பின்பாதியில் இருந்திருக்க வேண்டும். அவள் நேற்றைப் பற்றிச் சொன்னால் குத்துமதிப்பாகப் புரியும். என்னால் சொல்ல வராது. போனில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இன்னும் இரண்டு கேசட் அனுப்பினார் அண்ணி. பிறகு அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம், அவளுக்குப் பதினோரு வயதாகிவிட்டது.

இந்தச் சமயத்தில் முதலாளியின் கடைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கணவன் மனைவி பட்டு வாங்க வந்தார்கள். வயதானவர்கள். தறியைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். முதலாளி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். கூட வந்த கைடு இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்து பிரெஞ்சில், வாருங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். நான் 'மெர்ஷி' என்றேன். நன்றி என்று அர்த்தம்.

அவர் என் வாயையே பார்த்தார். "மெர்ஸி" என்று மெதுவாகச் சொன்னார்.

"மெர்ஷி" என்றேன் நான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், என் பேத்தி மாதிரியே பேசுகிறீர்களே, அவளுக்கு ஏழு வயது என்றார். தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டி, விழுந்துவிட்டது என்று கையை விரித்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த முதல் கேசட்டின்போது அவளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. 'ஸ' வரவேண்டிய இடத்திலெல்லாம் காற்றுதான் வந்திருக்கிறது. அதுதான் பிரெஞ்சு என்று நானும் பழகிவிட்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை; போனில் அவளும் சொன்னதில்லை. பிறகு முயற்சி செய்து மாற்றிக்கொண்டேன். ஆனால் அவசரத்தில் பேசினால் இன்றைக்கும் பல் இல்லாத பிரெஞ்சுதான் வருகிறது.

அவளுக்குப் பதினைந்து வயதில்தான் அண்ணி அவளை அழைத்துக்கொண்டு வந்தார். மாமனார் வீட்டுச் சொத்து விஷயமாக வேலை இருந்ததால் அண்ணி பாண்டிச்சேரியில் இருந்துகொண்டார். அவளை மட்டும் பத்து நாளைக்கு எங்களிடம் விட்டார். அண்ணி அங்கே பஸ் ஏற்றிவிட்டார், நாங்கள் இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். உயரமாக, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, முதுகில் பையோடு இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் வந்து என் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்தாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"பயணம் எப்படி?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"நன்றாக இருந்தது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றாள்.

நீங்கள். பிரெஞ்சிலும் நீ, நீங்கள் உண்டு. 'தூ' என்றால் நீ, 'வு' என்றால் நீங்கள். போனில் இத்தனை வருஷம் 'தூ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது 'வு' என்றாள். அண்ணியிடம் பிறகு கேட்டேன். "நம்ம ஊரு ஆளுங்ககிட்ட மரியாதயா பேசணும்னு நான்தான் சொல்லி இட்டாந்தேன்" என்றார். மரியாதைதான். எனக்கு அது யாரோ ஒருத்தியிடம் பேசுவது மாதிரி இருந்தது.

முதல் இரண்டு நாள் வெயிலிலும் கொசுவிலும் வாடினாள். செல்போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன கேட்டாலும் 'வு' போட்டுப் பதில் சொன்னாள். நான் பேசும்போது சில சமயம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஏழு வயதுப் பேச்சு பேசினால் வேறென்ன செய்வாள்?

மூன்றாம் நாள் தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள்.

"என்ன தெரியுதா? என் இடுப்புலயே ஒக்காந்துகினு இருப்ப!"

"எங்க போய்கினு கீறன்னு கேப்பா பாரு, அப்டியே நிக்கணும் நாம!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி மட்டும், "போறப்போ இவ்ளோ ஒசரம் இருந்தா" என்று சொல்லித் தன் இடுப்புக்கு மேலே கையை நீட்டிக் காட்டினாள்.

அவள் முகம் மாறிவிட்டது. அந்தக் கைக்குத் தமிழ் வேண்டியதில்லையே. அவர்கள் போனதும் என்னிடம் வந்தாள். அந்த அம்மா காட்டிய மாதிரியே தன் இடுப்பருகே கையை வைத்தாள்.

"இது நானா?"

"நீதான்."

"நான் குழந்தையாகத்தானே இருந்தேன்? சில மாதம்தானே இங்கே இருந்தேன்?"

அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அண்ணி வரட்டும் என்று நினைத்து, சாப்பிடலாம் வா என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தத் தெருவில் எல்லோருக்கும் என்னைத் தெரிகிறது. எனக்கு யாரையும் தெரியவில்லை. உனக்கு எல்லாம் தெரியும். நீ ஒன்றும் சொல்லமாட்டாய்!" என்று கத்தினாள்.

'தூ' என்றாள். என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தெருவில் பவர்லூம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். மத்தியான வெயில் கூரைக் கண்ணாடி வழியாகத் தறிமேல் விழுந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டினேன். அவளும் உட்கார்ந்தாள்.

சொல்ல ஆரம்பித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நடந்ததைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. தெரிந்தது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லத்தான். அப்படியே சொன்னேன்.

"நீ பத்து மாதக் குழந்தை. உன் அம்மா உன்னை என் கையில் கொடுக்கிறாள். வெளியே டாக்ஸி நிற்கிறது. நீ தூங்குகிறாய். எழுந்திருக்கிறாய். அம்மா இல்லை. நீ அழுகிறாய். மாமா லாரி காட்டுகிறார். நீ சாப்பிடுகிறாய்."

அவள் தறிக்குழியை எட்டிப் பார்த்தாள்.

"நீ இங்கே நடக்கிறாய், இந்தக் குழியைப் பிடித்துக்கொண்டு. விழுகிறாய். நீ பேசுகிறாய், நிறையப் பேசுகிறாய். உனக்கு இரண்டு வயது. மூன்று வயது. நான்கு வயது. நீ என்னை அத்த என்கிறாய். எனக்குக் காய்ச்சல், நீ என் தலையில் ஈரத்துணி வைக்கிறாய். தண்ணீர் என் காதில் போகிறது. உன் அம்மா வருகிறாள். உனக்கு அவளைத் தெரியவில்லை. நீ தறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாய். மாமா உன்னைத் தூக்குகிறார். நாம் எல்லோரும் மெட்ராஸ் போகிறோம். நீ என் மடியில் உட்கார்ந்திருக்கிறாய். ஏர்போர்ட்டில் ஒரு கண்ணாடிக் கதவு. நானும் வருகிறேன் என்று நீ நினைக்கிறாய். கை காட்டவில்லை. நான் வரத்தானே போகிறேன்?"

"நீ?" என்றாள்.

"நான் நிற்கிறேன்."

அவள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். கனமான தலை. கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்தபிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. மீதி நாட்களில் இன்னும் இன்னும் கேட்டாள். தேவிகாபுரம் கோயிலுக்குப் போன பஸ்ஸில்கூடக் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் அவளுடைய நான்கு வருஷத்தை அப்படியே நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு தடவைகூட அவள் என்னைத் திருத்தவில்லை.

அண்ணி வந்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. அம்மாவும் மகளும் உள்ளறையில் என்ன பேசினார்களோ, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி அடுப்படிக்கு வந்தார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"நீ சொன்னியா?"

"பக்கத்து வீட்டுல கைய காட்டிட்டாங்க அண்ணி. அப்பறம் மறைக்க முடியல."

அண்ணி சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு உங்கிட்ட குடுத்துட்டு போனன் பாரு. பிளேன்ல பால் கட்டிக்கிச்சி. ஜாக்கெட்டு பூரா நனஞ்சி போச்சி. பக்கத்துல ஒரு ஆம்பள. போத்திக்க குடுத்த கம்பளிய இழுத்து போத்திகினு ஒக்காந்தேன். எறங்கற வரைக்கும் வழிஞ்சிகினே இருந்துது. அங்க போயும் ரெண்டு மூணு வாரம். வேலைக்குப் போன வீட்டுல பாத்ரூமுக்குள்ள போயி பீச்சி விட்டுட்டு வருவேன்."

நான் கத்தியை வைத்துவிட்டேன்.

"இத அவகிட்ட எப்டி சொல்றது? எனக்கு ஆபீசுல பேச பிரெஞ்சு வரும். ஆஸ்பத்திரில பேச வரும். இதுக்கு வாயே வரல. தமிழ்ல சொன்னா அவளுக்குப் புரியாது" என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லேன்."

"நானா அண்ணி? எனக்கு என்னா தெரியும்?"

"உனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லு. நீ சொன்னா கேட்டுக்கறா."

அவர்கள் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அவள் அம்மாவோடு சரியாகப் பேசாமலேயே போனாள். இந்த முறை ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, கையை உயர்த்திக் காட்டினாள். நான் அவள் தலை மறையும்வரை பார்த்தேன். காரில் திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் என் வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, "நாமளும் ஒருவாட்டி போய் பாக்கலாம்" என்றார். எங்களிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. "போலாம்" என்றேன்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இருவரும் இன்னும் சரியில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"உனக்கு ஒன்று சொல்கிறேன்" என்றேன். எத்தனையோ நாள் ராட்டை முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள். "உன் அம்மா விமானத்தில் இருக்கிறாள். நீ என்னிடம் இருக்கிறாய். அவள் மார்பில் பால் வருகிறது. நிற்கவில்லை. அவள் துணி நனைகிறது. பக்கத்தில் ஒரு ஆள். அவள் போர்வையைப் போர்த்திக்கொள்கிறாள். அங்கே வேலை செய்யும் வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பாலைக் கொட்டுகிறாள். ஒரு நாள் இல்லை, பல நாள்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அத்தாங்" என்றாள். பொறு என்று அர்த்தம். எத்தனை முறை கேட்டாலும் அந்தச் சொல் என் காதில் முதலில் 'அத்த' என்றுதான் விழும். அடுத்த நொடிதான் சரியான அர்த்தம் வரும்.

ரிசீவரை எதன்மேலோ வைத்த சத்தம். காலடிகள் போயின. கதவு திறந்தது. தூரத்தில் அவள் குரல், பிறகு அண்ணியின் குரல், பிறகு இரண்டும் சேர்ந்து. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிரெஞ்சா தமிழா என்றுகூடத் தெரியவில்லை. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு?" என்று கண்ணாலேயே கேட்டார். நான் விரலை உதட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி பேசினார். அங்கே பனி கொட்டுவதையும் இங்கே மழை உண்டா என்பதையும் பேசினார். வைக்கும்போது, "சொல்லிட்ட போல" என்றார். அவ்வளவுதான். பிறகு போனை அவளிடம் கொடுத்தார்.

ஒவ்வொரு கோடையிலும் வருகிறேன் என்கிறாள். படிப்பு, பிறகு வேலை. இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்கு நாங்கள் எழுதிப் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணியானால் நான் ராட்டையை நிறுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.